‘எல்லா பாரும் ஒண்ணுதான் சார்’: கைட் ஹார்னஸ் வாங்கப் போகிறவர்களுக்கு

கைட்போர்டிங்குக்கு ஹார்னஸ் வாங்கப் போகிறீர்களா? அதிலும் கடைக்காரரே எல்லாவற்றையும் கோத்து மாட்டி ‘செட்’ என்று கையில் கொடுக்கும் ஹார்னஸா? அப்படியானால் இதைப் படித்துவிட்டுப் போங்கள். பதிவு கொஞ்சம் நீளம். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் பேச்சு முழுக்க அந்தக் கடையைச் சுற்றியே ஓடும், சாமானைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு விளக்கம். கைட் என்ற பெரிய பட்டம் இழுக்க, பலகையில் நின்று தண்ணீரில் சறுக்குவதுதான் கைட்போர்டிங். அந்த இழுவையைக் கைக்குப் பதிலாக உடம்பில் வாங்கக் கட்டிக்கொள்ளும் கச்சைதான் ஹார்னஸ். கைட்டின் இழுவை கண்ட்ரோல் பாருக்கு அடியில் இருக்கும் சிக்கன் லூப் என்ற வளையம் வழியாக நம் வயிற்றுக்கு முன்னால் இருக்கும் கொக்கிக்கு வருகிறது. அந்தக் கொக்கியைத் தாங்கும் உலோகத் தண்டுதான் ஸ்ப்ரெடர் பார். அதன் இரண்டு முனைகளையும் பட்டைகள் ஹார்னஸோடு கட்டுகின்றன. கையில் பிடித்திருக்கும் பார் திசை திருப்பவும் இழுவையைக் கூட்டிக் குறைக்கவும்தான். ஆளைத் தாங்குவது கொக்கியும் பட்டையும். ஆனால் கடைக்குப் போனால் நம் கண் முதலில் போவது முதுகு மெத்தைக்கும் நிறத்துக்கும்தான். விற்கிறவர்களுக்கும் அது நன்றாகத் தெரியும்.

நான் அதுவரை தொடைப் பட்டை உள்ள சீட் ஹார்னஸ் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். இடுப்பு ஹார்னஸுக்கு மாறலாம் என்று, பயிற்சியும் கொடுத்துச் சாமானும் விற்கிற ஒரு கடைக்குப் போனேன். எனக்குப் பிடித்த ஹார்னஸ் என் அளவில் இருந்தது. ஆனால் அதோடு வர வேண்டிய ஸ்ப்ரெடர் பார் இல்லை. “அந்த பார் ஸ்டாக் இல்ல சார், அதைவிட ஸ்ட்ராங்கா ஒண்ணு போட்டுத் தரேன். எல்லா பாரும் ஒண்ணுதான் சார்” என்றார். நான் மறுத்தேன். ஒவ்வொரு நிறுவனமும் பாரை வேறு மாதிரி பூட்டுகிறதே, பட்டையின் அகலம்கூட மாறுமே என்று கேட்டேன். “எத்தனை பேருக்கு மாத்தியிருக்கோம், நீங்க கவலைப்படாதீங்க” என்று சொல்லிவிட்டு ஹார்னஸை உள்ளே எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது பார் மாட்டியாகிவிட்டது. அதன் மேல் புத்தம் புதிய மெத்தை உறை.

கயிற்றில் தொங்கிப் பார்க்கலாமா என்று கேட்டேன். உத்தரத்திலிருந்து ஒரு கயிறு, அதில் கொக்கியை மாட்டிக் கொஞ்ச நேரம் உட்காருவது, அவ்வளவுதான். ஹார்னஸ் விற்கிற இடத்தில் இருக்க வேண்டிய மிகச் சாதாரண வசதி இது. “அதெல்லாம் தண்ணியில போட்டாத்தான் சார் செட் ஆகும்” என்றார். பாதி உண்மை அது. மெத்தையும் வெட்சூட்டும் (தண்ணீரில் இறங்கப் போடும் ரப்பர் உடை) நனைந்து அமுங்கும், பட்டையும் கொஞ்சம் இளகும், தண்ணீரில் இறங்கிய சிறிது நேரத்தில் மறுபடி இறுக்க வேண்டிவரும். அதுவரைக்கும் சரி. ஆனால் பாரின் அளவு தண்ணீரில் செட் ஆகாது. உலோகம் நனைந்தால் சுருங்கவா போகிறது?

பில்லில் ‘ஹார்னஸ் செட்’ என்று ஒரே வரி. இதை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

தண்ணீரில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கைட் தலைக்கு மேலே நிற்கும்போது இழுவை நேராக மேல்நோக்கி இருக்கும். அப்போது இடுப்பு ஹார்னஸ் கொஞ்சம் மேலே ஏறுவது இயல்பு. என்னுடையது கொஞ்சம் ஏறவில்லை, விலா வரை வந்தது. பார் வெறுமனே ஏறவும் இல்லை, மேல் விளிம்பு முன்னால் சாய்ந்து புரண்டது. இறுக்கலாம் என்று வலது பட்டையை இழுத்தால் வரவில்லை, ஏற்கெனவே கடைசி வரை வந்து நின்றிருந்தது. இடது பட்டை நேர்மாறு. இறுக்க இறுக்க, அடுத்த இழுவையில் விரல்விரலாக வழுக்கிக்கொண்டே போனது. கொக்கி தொப்புளுக்கு நேரே நிற்காமல் வலது பக்கம் ஒதுங்கிவிட்டது. சிக்கன் லூப் நெஞ்சுக்கு அருகில் வந்துவிட்டதால், ஆபத்தில் லூப்பைத் திறந்துவிடும் க்விக் ரிலீஸும் பழகிய இடத்தில் இல்லை. கை தானாகப் போகும் இடத்தில் வெறும் காற்றுதான் இருந்தது.

போதும் என்று கரைக்குத் திரும்பி, முழங்கால் ஆழத்தில் நின்று ரிலீஸைத் தள்ளினேன். லூப் திறந்தது. ஆனால் கொக்கியை விட்டு வெளியே வரவில்லை. திறந்த முனை எதிலோ மாட்டி நின்றது. கைட் இழுவையை விடாமல் என்னை மணலில் தரதரவென்று இழுத்தது. கரையில் நின்ற நண்பர் ஓடி வந்து கைட்டின் முன்விளிம்பைப் பிடித்து இறக்கினார். காற்று மிதமாக இருந்ததால் தப்பித்தேன். விலாவில் கன்றிப் போனது ஆற வெகுநாள் ஆயிற்று.

அன்று மாலையே அந்த பாரைக் கழற்றிப் போட்டுப் பார்த்தேன்.

லூப் எதில் மாட்டியது என்று முதலில் தெரிந்தது. லூப்பைத் திறந்த பிறகும் கைட்டை நம்மோடு பிடித்து வைக்கும் கயிறான பாதுகாப்பு லீஷை மாட்டுவதற்கு பாரிலேயே ஒரு வளையம் இருக்க வேண்டும். கொக்கிக்கு அருகில் இருந்தாலும் சரி, பக்கத்துக் கம்பியில் ஓடினாலும் சரி, அது எங்கும் துருத்திக்கொண்டு நிற்காது. இந்த பாரில் அந்த வளையம் உடைந்தோ அறுந்தோ போயிருக்கிறது. அதற்குப் பதிலாகக் கடைக்காரர் ஒரு திருகு ஷாக்கிளை மாட்டியிருக்கிறார், பாய்மரப் படகில் கயிறு பூட்டப் பயன்படுத்துவார்களே அது. அதன் திருகுத் தலை கொக்கியின் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. ரிலீஸ் திறந்ததும் வழுக்கி வெளியே போக வேண்டிய லூப்பின் முனை, போகிற வழியில் அந்தத் திருகில் விழுந்து மாட்டிக்கொண்டது. ரிலீஸ் அமைப்புகளுக்கென்று ஐஎஸ்ஓ 21853 என்று ஒரு சர்வதேசத் தரம் 2020-இல் வந்திருக்கிறது. என் கண்ட்ரோல் பாரில் இருந்த ரிலீஸ் ஒழுங்காகத்தான் திறந்தது, அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் எந்தத் தரச் சோதனையும், நடுவில் ஒரு கடைக்காரர் கூடுதலாக ஒரு திருகைப் பூட்டுவார் என்று எதிர்பார்த்து நடத்தப்படுவதில்லை.

அடுத்தது இடது பட்டை. பட்டையை இறுக்கும் ஏணிப் பூட்டில் ஒரு பக்கம் பல் போன்ற விளிம்பு இருக்கும். பட்டை அதைச் சுற்றித் திரும்பி, தன் மேலேயே படிந்து வர வேண்டும். அப்போதுதான் இழுவை கூடக் கூடப் பிடி இறுகும். இதில் நேர்மாறாகக் கோத்திருந்தார்கள். கையால் இழுத்தால் நிற்பது போலவே இருக்கும், ஆள் பாரம் ஏறினால்தான் மெல்ல மெல்ல விடும். போதாததற்கு, பாரின் துளை இந்த ஹார்னஸின் பட்டையைவிட அகலம். பட்டை துளைக்குள் ஒரு மூலைக்கு நகர்ந்து மடிந்து கிடந்தது. அப்படி மடிந்த பட்டையின் ஓரம்தான் முதலில் நைந்து போகும்.

வலது பக்கம் ஏன் இறுக்க முடியவில்லை? பார் என் உடம்புக்கு நீளம். ஹார்னஸின் வலது விளிம்பு பாரின் முனையிலேயே வந்து இடித்து நின்றுவிட்டது. அதன் பிறகு பட்டையை எவ்வளவு இழுத்தாலும் இடுப்பு இறுகாது. பாரும் ஹார்னஸும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். விற்கிற நேரத்தில் இதைச் சட்டையின் மேல் போட்டு லேசாகக் கட்டிக் காட்டினால் யாருக்கும் தெரியாது.

இதற்குப் பிறகுதான் அந்தப் புத்தம் புதிய மெத்தை உறையைக் கழற்றினேன். கொக்கி பாரோடு சேரும் பற்றவைப்பைச் சுற்றி டீக்கறை நிறத்தில் ஒரு வளையம். அதைச் சுற்றி ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்கள், எமரி தாளால் தேய்த்த அடையாளம். துருவைத் தேய்த்து எடுத்துவிட்டுப் புதிய உறையால் மூடியிருக்கிறார்கள். நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, ஒரு இரவு காய விட்டேன். காலையில் பார்த்தால் பற்றவைப்பின் ஓரமாக, தலைமுடி அளவுக்கு ஒரு பழுப்புக் கோடு. உள்ளே தேங்கியிருந்த உப்புத் தண்ணீர் கசிந்து வந்து காய்ந்த தடம் அது. போன் கேமராவைக் கிட்டே வைத்துப் பெரிதாக்கினால் விரிசல் பளிச்சென்று தெரிந்தது. கொக்கியின் உள்வளைவில் சிக்கன் லூப் உரசி உரசி ஒரு பள்ளமும் விழுந்திருந்தது. புதிய பாரில் அது எப்படி வரும்? யாரோ நிறைய ஓட்டிக் கழித்த பாரை எனக்குப் புதுசு என்று விற்றிருக்கிறார்கள்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காது என்று பலரும் நம்புகிறார்கள். கடலில் அந்த நம்பிக்கை செல்லாது. அதன் மேல் இருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம்தான் அதைக் காப்பாற்றுகிறது. அந்தப் படலம் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ள ஆக்சிஜன் வேண்டும். மெத்தை உறைக்கு அடியிலும் பற்றவைப்பின் மடிப்பிலும் உப்புத் தண்ணீர் தேங்கி, காற்றும் படாமல் போனால் அரிப்பு அங்கேதான் தொடங்கும். பற்றவைக்கும்போது சூடேறிய இடம் இயல்பிலேயே கொஞ்சம் பலவீனம். 316 ரகத்தில் மாலிப்டினம் இருப்பதால் 304-ஐவிட உப்பைத் தாங்கும், ஆனால் அதுவும் அழிவே இல்லாத உலோகம் அல்ல. ஸ்டீலும் அலுமினியமும் சேரும் பார்களில் உப்புத் தண்ணீர் நடுவில் புகுந்தால் அலுமினியம் வேகமாக அரித்துப் போகும். ஆகவே உறை கழற்றக்கூடியதாக இருந்தால், ஓட்டி முடித்த பிறகு அதைக் கழற்றிக் கழுவுங்கள். உறையோடு சேர்த்துத் தண்ணீர் ஊற்றுவது உப்பை உள்ளே அனுப்புகிற வேலை.

சரி, கடைக்குப் போனேன். முதல் பதில்: “தண்ணி பட்ட சாமானுக்கு ரிட்டர்ன் கிடையாது சார்.” தண்ணீரில் போட்டால்தான் செட் ஆகும் என்று அவர்தானே சொன்னார் என்று கேட்டதும் பேச்சு மாறியது. நான் இறுக்கிக் கட்டவில்லையாம். பூட்டை மாற்றிக் கோத்திருப்பதைக் காட்டினேன். அதை நான் வீட்டில் கழற்றி மாட்டியபோது மாறியிருக்கும் என்றார். கழற்றுவதற்கு முன் எடுத்த படங்களைக் காட்டினேன். அப்புறம் வந்ததுதான் நான் எதிர்பார்க்காதது. “இந்த பார் எங்க கடையில வாங்கினதுதான்னு பில்லுல எங்க சார் இருக்கு?”

‘ஹார்னஸ் செட்’ என்ற அந்த ஒரு வரி எதற்காக என்று அப்போது புரிந்தது. பாரின் பெயர் இல்லை, அளவு இல்லை, வரிசை எண் இல்லை. ஹார்னஸ் செய்த நிறுவனத்துக்கு எழுதிப் பார்த்தேன். தங்கள் பார் இல்லாமல் வேறு பாரைப் பூட்டினால் உத்தரவாதம் பொருந்தாது என்று மரியாதையாகப் பதில் எழுதினார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்கள் சோதித்தது அவர்களுடைய பாரோடுதான். கடைக்காரர் கடைசியாக இறங்கி வந்து, அடுத்து ஏதாவது வாங்கினால் தள்ளுபடி தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

இனி, வாங்கும்போது என்ன பார்ப்பது. முடிந்தவரை ஹார்னஸோடு அதே நிறுவனத்தின் பாரையே வாங்குங்கள். சில பார்கள் பட்டையால் கட்டப்படும், சில ஹார்னஸின் விளிம்பிலேயே கெட்டியான பூட்டில் உட்காரும். இரண்டாவது வகையில் வேறு பாரை மாட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. பட்டை வகையில் மாற்ற முடியும், ஆனால் பட்டையின் அகலமும் துளையின் அகலமும் ஒத்துப்போக வேண்டும், ஏணிப் பூட்டு பாரில் இருக்கிறதா ஹார்னஸில் இருக்கிறதா என்பதும் ஒத்துப்போக வேண்டும்.

பாரின் அளவை எண்ணை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். ஒரு நிறுவனத்தின் அளவு இன்னொரு நிறுவனத்தின் அளவோடு ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. வெட்சூட் போட்டு ஓட்டுகிறவரானால் அதைப் போட்டுக்கொண்டே ஹார்னஸைக் கட்டுங்கள். முழுதாக இறுக்கிய பிறகும் பாரின் ஒவ்வொரு முனைக்கும் ஹார்னஸின் விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி மிஞ்ச வேண்டும். அந்த இடைவெளிதான் நனைந்த பிறகு இறுக்குவதற்கான இருப்பு. அது இல்லையென்றால் சின்ன பார் வேண்டும், அல்லது ஹார்னஸே உங்களுக்குப் பெரிசு. மாறாக பார் மிகவும் சிறியதாக இருந்தால் ஹார்னஸின் இரண்டு விளிம்புகளும் முன்பக்கம் இழுபட்டு விலாவைக் கிள்ளும். இரண்டு பக்கமும் பட்டை சம அளவில் வெளியே இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு பக்கம் நீளம், மறுபக்கம் குட்டை என்றால் கொக்கி நடுவில் நிற்காது.

மேலும் கீழுமாக ஒவ்வொரு பக்கமும் இரண்டு பட்டைகள் இருக்கும் ஹார்னஸில் கீழ்ப் பட்டையை முதலில் நன்றாக இறுக்கி, மேலே உள்ளதை மூச்சு விட இடம் விட்டு இறுக்குவது எனக்குச் சரிப்படுகிறது. கீழே தளர்வாக விட்டால் ஹார்னஸ் மேலே ஏறுவதற்கு நாமே வழி செய்து கொடுத்த மாதிரி.

தொங்கிப் பார்க்காமல் வாங்காதீர்கள். கடையில் கயிறு இல்லையென்றால் உங்கள் கயிற்றைக் கொண்டு போங்கள். உறுதியான தூணில் நெஞ்சுக்கு மேல் உயரத்தில் கட்டி, கொக்கியில் மாட்டி, முழு பாரத்தையும் பின்னால் சாய்த்து நில்லுங்கள். அப்புறம் உத்தரத்திலிருந்து நேராகத் தொங்குங்கள். ஒரு நிமிடம் போதாது. பட்டையில் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டு தொங்கினால், வழுக்கினால் உடனே தெரிந்துவிடும். பார் புரள்கிறதா, முனை விலாவில் குத்துகிறதா, மேல் விளிம்பு தொடுகிறதா என்று எல்லாமே அங்கேயே தெரியும். இதற்கு இடம் கொடுக்காத கடையில் வாங்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

ரிலீஸையும் கரையிலேயே, பாரம் கொடுத்துத் திறந்து பாருங்கள். கையில் வைத்துத் திறப்பது வேறு, இழுவையில் திறப்பது வேறு. லூப் கொக்கியிலிருந்து நழுவாமல் இருக்கச் செருகும் சிக்கன் ஃபிங்கரும் அதில் சேர்த்தி. அது இல்லாமல் போனால் கயிறு தளரும் நொடியில் லூப் கழன்றுவிடும், அளவுக்கு மீறித் திணித்தால் திறக்க வேண்டிய நேரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். உங்கள் சிக்கன் லூப், உங்கள் கொக்கி, உங்கள் லீஷ் வளையம் மூன்றையும் ஒன்றாக மாட்டித்தான் இதைச் சோதிக்க முடியும். லீஷை எதில் மாட்டுவது என்பதிலும் கவனம் வேண்டும். சாவி மாட்டுகிற சின்ன வளையம், பின்னால் இருக்கும் கைப்பிடி, அலங்காரத் தையல் எதுவும் அதற்கல்ல. ரிலீஸைத் தள்ளிய பிறகு கைட்டோடு உங்களுக்கு இருக்கும் ஒரே தொடர்பு லீஷ்தான். ஆகவே அது தயாரித்தவர்கள் அதற்கென்றே வைத்த வளையத்தில் இருக்க வேண்டும், லீஷின் சொந்த ரிலீஸும் கைக்கு எட்ட வேண்டும்.

கொக்கிக்குப் பதிலாகக் கயிற்றில் ஓடும் ஸ்லைடர் வாங்குகிறவர்களும் அதிகமாகிவிட்டார்கள், அலையிலும் ஃபாயிலிலும் (அடியில் இறக்கை வைத்துத் தண்ணீருக்கு மேலே எழும் பலகை) அது சுகமாகத்தான் இருக்கிறது. அந்தக் கயிறு டைனீமா என்ற செயற்கை இழை. இழுவைக்கு அபாரமாகத் தாங்கும், மணலோடு உரசினால் சத்தமில்லாமல் தேயும். செகண்ட் ஹாண்டில் வாங்கினால் பழைய கயிற்றைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் புதிதாக மாற்றிவிடுங்கள்.

என் விஷயத்தில் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. இடுப்பு ஹார்னஸ் எல்லா உடம்புக்கும் ஒத்துவராது. இடுப்பு குறுகலாக, வயிறு முன்னால் இருக்கிறவர்களுக்கு எவ்வளவு நல்ல பார் போட்டாலும் ஏறத்தான் செய்யும். கைட்டைத் தலைக்கு மேலேயே வைத்திருக்கும் புதியவர்களுக்கும் அப்படித்தான். அவர்களுக்குத் தொடைப் பட்டை உள்ள சீட் ஹார்னஸ்தான் நிம்மதி. அது ‘கற்றுக்குட்டி ஹார்னஸ்’ என்று கடையில் யாராவது சிரித்தால், அவர் வேறு எதையோ விற்கப் பார்க்கிறார். நான் இப்போது இடுப்பு ஹார்னஸை அதன் சொந்த பாரோடு வேறு இடத்தில் வாங்கி ஓட்டுகிறேன். கைட்டை உச்சியில் நிறுத்தினால் இதுவும் லேசாக ஏறுகிறது. பட்டை வழுக்குவதில்லை, கொக்கி நடுவிலேயே நிற்கிறது.

பில்லில் ஹார்னஸையும் பாரையும் தனித்தனி வரியாக, நிறுவனம், மாடல், அளவோடு எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் உறையைக் கழற்றி பற்றவைப்பைப் பார்க்கக் கேளுங்கள், அவர் முகத்திலேயே பதில் தெரிந்துவிடும். ஏற்கெனவே இப்படிச் ‘செட்’ வாங்கியவர்கள் அடுத்த முறை தண்ணீரில் இறங்குவதற்கு முன் உறையைக் கழற்றி, காய வைத்து, பழுப்புக் கோடு வருகிறதா என்று பாருங்கள்.

அந்த பாரைத் திருப்பி எடுத்துக்கொள்வதாகக் கடையிலிருந்து பிறகு ஒருநாள் போன் வந்தது. பணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை, பாரை மட்டும் கொண்டு வந்து கொடுக்கச் சொன்னார்கள். மறுபடி ஒரு உறை மாட்டி வேறு யாருக்காவது போய்ச் சேரும் என்பதால், எல்லாப் பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொண்டு கொக்கியை ரம்பத்தால் அறுத்துவிட்டேன். படங்கள் வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன்.